பதினைந்து காசுக்கு அனுமதி, கையில் பதினான்கு

1

நான் படித்த பள்ளியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருக்கிறார்கள். 'கடல் கடந்து சாதித்த நம்மவர்' என்ற வரிசையில் என் பெயரும் இருக்கிறதாம். மாணவர்களுக்கு ஊக்கம் தரும்படி எழுதி, கோட்டும் டையும் போட்ட புகைப்படத்தோடு மாத இறுதிக்குள் அனுப்ப வேண்டுமாம். கோட் இருக்கிறது, டையும் இருக்கிறது. சாதனையைத்தான் எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஹாம்பர்க் வந்து இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருடம் ஆகிறது. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் உட்கார்ந்து சரக்கு ஆவணம் எழுதிக்கொண்டிருந்தவன், இப்போது ஹாம்பர்க் துறைமுகத்துக்கு வெளியே ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து சரக்கு ஆவணம் எழுதுகிறேன். அங்கே உப்பும் கருவாடும், இங்கே காபிக்கொட்டையும் இயந்திர உதிரிகளும். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, எங்கிருந்து வருகிறது, யாருடையது என்ற மூன்று கேள்விக்கும் தாளில் பதில் இல்லாவிட்டால் ஒரு பெட்டியைக்கூட நகரவிட மாட்டேன். அலுவலகத்தில் அதற்காக எனக்கு மரியாதை உண்டு, பயமும் உண்டு.

ஜெர்மன் மொழியிலும் நம்மைப் போலவே நீ, நீங்கள் என்று இரண்டு உண்டு. நமக்குப் பழக்கப்பட்டதுதானே என்று மெத்தனமாக இருந்துவிட்டேன். முதல் வருடம் முழுக்க மேலாளரை நீ என்றும் வீட்டுக்காரரின் நாயை நீங்கள் என்றும் அழைத்துக்கொண்டிருந்தேன். இருவரில் நாய்தான் பெருந்தன்மையாக நடந்துகொண்டது. பேச்சு அப்படி இருந்தாலும் தாள் எழுதுவதில் மட்டும் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

இப்படிப்பட்டவன் பதினைந்து பழைய காசுகளை எந்தத் தாளும் இல்லாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொந்த ஊருக்குப் போன கதையைத்தான் சொல்லப்போகிறேன். மலருக்கு இது சரிப்படாது என்று ஆசிரியர் குழு நினைத்தால் அந்தப் பக்கத்தில் ஜவுளிக்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளலாம்.

2

நான் காசு சேர்க்கிறேன். இதை அப்படியே விட்டால் ஊரில் வேறு மாதிரி எடுத்துக்கொண்டு பள்ளிக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தரச் சொல்வார்கள் என்பதால் விளக்கிவிடுகிறேன். ரோமப் பேரரசு பெரிதாக இருந்த காலத்தில் அதன் கிழக்கு ஓரத்தில், மத்தியதரைக் கடலை ஒட்டி, அந்தியோக்கியா, அலெக்சாந்திரியா, காசா, சீதோன், தீர் என்று பல நகரங்கள் இருந்தன. அவை தங்களுக்கென்று தனியாகக் காசு அடித்துக்கொண்டன. ஒரு பக்கம் பேரரசனின் தலை இருக்கும். மறுபக்கம் அந்த ஊர்க்காரர்கள் இஷ்டம். தங்கள் அம்மன், தங்கள் கோயில், தங்கள் ஊர் மரம் என்று எதையாவது போட்டுக்கொள்வார்கள். செம்புக் காசாக இருந்தால் அடுத்த ஊரில் பெரும்பாலும் சீந்த மாட்டார்கள்.

'ஒரு பக்கம் பேரரசன், மறுபக்கம் சொந்த ஊர்ச் சாமி. புலம்பெயர்ந்தவனின் வாழ்க்கையே அதுதானே' என்று கேட்பவர்களிடம் உருக்கமாகச் சொல்வேன். உண்மையான காரணம் வேறு. ரோமில் அடித்த தங்கக் காசு வாங்க எனக்கு வக்கில்லை. இந்த மாகாணக் காசு கட்டுப்படியாகும்.

மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஓர் உணவகத்தின் பின்னறையில் பதினொரு பேர் கூடுவோம். என்னைத் தவிர்த்த பத்துப் பேரும் ஓய்வுபெற்ற ஜெர்மானியர்கள். ஒரு காசைப் பூதக்கண்ணாடி வைத்துப் பத்து நிமிடம் பார்த்துவிட்டு 'ம்' என்பார்கள். அதுதான் அவர்களுடைய உச்சபட்சப் பாராட்டு. முதல் நாள் ஒருவர், "உங்கள் ஊரில் ரோமக் காசுகள் கடற்கரையிலேயே கிடக்குமாமே?" என்று கேட்டார். தூத்துக்குடிக் கடற்கரையில் நான் கண்டதெல்லாம் கிளிஞ்சலும் பிளாஸ்டிக் தம்ளரும்தான். ஆனாலும் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பத்து முகமும் மலர்ந்தன, எனக்கு உட்கார நல்ல நாற்காலியாகப் பார்த்துக் கொடுத்தார்கள்.

என் மனைவி சுமதி இங்கே மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறாள். என் காசுத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம், "களிம்பு புடிச்ச சாமானச் சேத்து வச்சா ஊர்ல அதுக்குப் பேரு காயலாங்கடை. இங்க வந்தா மட்டும் வரலாறா?" என்பாள். அவள் மதுரைக்காரி, எதையும் ஒரு முறைக்கு மேல் சொல்ல மாட்டாள்.

எங்களுக்கு ஒரே மகள். தமிழினி என்று பெயர் வைத்தோம். பெயர் வைத்த களைப்பில் மொழியைச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டோம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கு மூன்று வாரம் போனாள், நான்காவது வாரம் நீச்சல் வகுப்பு வந்துவிட்டது. நண்பர்களுக்கு அவள் தமி. என்னோடு தமிழில் பேசுவது 'சாப்டேன்', 'தூக்கம் வருது', 'போங்கப்பா' என்ற அளவில் நின்றுபோனது. பதினைந்து வயதுக்கு மேல் அதிலும் முதல் இரண்டு குறைந்துவிட்டன.

அவளுக்குப் பத்து வயதாக இருந்தபோது ஒரு காசுச் சந்தைக்குக் கூட்டிப்போயிருந்தேன். ஒரு வியாபாரி தேய்ந்த காசுகளை ஒரு பெட்டியில் குவித்து, எதை எடுத்தாலும் ஒரே விலை என்று வைத்திருந்தார். அவள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவி, ஓரம் நசுங்கிய ஒரு கரும்பச்சைக் காசை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தீர் நகரத்தில் அடித்தது. ஒரு பக்கம் எலகபாலுஸ் என்ற, சிரியாவிலிருந்து வந்த இளம் பேரரசன். மறுபக்கம் தேய்ந்த ஒரு தெய்வம், அதன் இடப்பக்கம் ஒரு மரம், வலப்பக்கம் ஒரு சங்கு. "அப்பா, பனைமரம். சங்கு. இது உங்க ஊர்க் காசு!" என்று கத்தினாள். அது பேரீச்ச மரம் என்றும், அந்தச் சங்கு ஊதாச் சாயம் எடுக்கிற கடல்நத்தை என்றும் எனக்குத் தெரியும். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். என் ஊரை அவள் தானாகக் கண்டுபிடித்தது அந்த ஒரு தடவைதான்.

என் தட்டில் அதற்கு ஓரிடம் கேட்டாள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டாள். "நான் வீட்டை விட்டுப் போகும்போது திருப்பித் தரணும்." பத்து வயதுப் பிள்ளை வீட்டை விட்டுப் போவதைப் பற்றிப் பேசுகிறதே என்று சிரித்துக்கொண்டே சரி என்றேன். போன வருடம், இருபது வயதில், கோப்பன்ஹேகனில் படிக்க இடம் கிடைத்தது. என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒரு பட்டியல் ஒட்டினாள். சைக்கிள், ஒரு தோசைக்கல், தீர் காசு. வீட்டிலிருந்து அவள் கேட்டது அவ்வளவுதான்.

3

அவள் புறப்பட ஏழு வாரம் இருக்கும்போது ஊரிலிருந்து அழைப்பு வந்தது. நான் படித்த கல்லூரியின் பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் 'முத்துக் கடலும் ரோமாபுரியும்' என்று நான் பேச வேண்டும், காசுகளைக் கொண்டுவந்து காட்டினால் சிறப்பாக இருக்கும் என்றார்கள். மேடை, மைக், சால்வை. இத்தனை வருடமாக இதற்குத்தான் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. நல்ல காசுகளாகப் பதினான்கு எடுத்தேன். சங்கும் மரமும் இருக்கிறதே, ஊரில் கைதட்டு வாங்கும் என்று தமிழினியின் காசையும் சேர்த்துக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. ஏழு வாரத்துக்குள் திரும்பிவிடுவேன், எதற்கு வீணாகச் சொல்லிக்கொண்டு என்று நினைத்தேன்.

மில்லர்புரத்தில் என் அக்கா செல்வக்கனி வீட்டில் இறங்கினேன். அத்தானுக்கு ஊருக்குள் பாத்திரக்கடை. வீட்டில் எந்தப் பாத்திரத்தைப் பார்த்தாலும் நம் முகம் தெரியும், அக்கா புளி போட்டுத் துலக்கும் துலக்கு அப்படி. நான் காசு டப்பாவைத் திறந்து காட்டியதும் அவள் முகம் சுருங்கியது.

"ஏலே, இதையா அம்புட்டுத் தூரத்துலருந்து சொமந்துட்டு வந்திருக்க? தேச்சுக் கழுவியாவது கொண்டாரக் கூடாதா?"

"கழுவக் கூடாதுக்கா. இந்தப் பச்சைதான் இதுக்கு அழகே."

"நல்லாச் சொன்ன போ. களிம்பு எப்பத்துலருந்து அழகாச்சு?" என்றபடி உள்ளே போனாள்.

கூட்டம் நன்றாக நடந்தது. நன்றாக நடந்ததுதான் வினை. ரோமானியர் நம் கடற்கரைக்குக் கொண்டுவந்தது தங்கமும் வெள்ளியும், இந்த ஊர்ச் செம்புக் காசுகள் அந்தந்த ஊரிலேயே புழங்கித் தேய்ந்தவை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மேடையில் நின்று, இருநூறு பேர் முகத்தைப் பார்த்து, 'இதோ என் கையிலிருக்கும் காசு உங்கள் முத்துக்கும் இந்தக் கடற்கரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதது' என்று எப்படிச் சொல்வது? தீர் காசை உயர்த்திப் பிடித்து, "சங்கும் மரமும் பொறித்த இந்தக் காசை மடியில் கட்டிக்கொண்டுதான் அவன் நம் கொற்கைக்கு முத்து வாங்க வந்தான்!" என்றேன். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மறுநாள் உள்ளூர்ச் செய்தித்தாளில் அந்த வாக்கியமே தலைப்பாக வந்தது. நான் காசைத் தூக்கிப் பிடித்த படமும் வந்தது. பத்துப் பிரதி வாங்கினேன்.

4

என் பழைய அலுவலகக் கூட்டாளி லாரன்ஸ், கடற்கரைத் தெருக்காரன். இன்னும் துறைமுகத்தில் சுங்க முகவராக இருக்கிறான். மூன்றாம் நாள் ஒரு டப்பா மக்ரூனோடு வந்து காசுகளைப் பார்த்தான்.

"தீர், சீதோன்லாம் பைபிள்ல வருமேலே. அந்த ஊருதானா?" என்று ஆசையாகப் புரட்டிப் பார்த்தவன் திடீரென்று நிமிர்ந்தான். "மக்கா, உள்ள கொண்டாரும்போது சுங்கத்துல எழுதிக் குடுத்தியாலே?"

"எதை?"

"எதையா? நூறு வருசத்துக்கு மேல பழைய காசு, நாட்ட விட்டு வெளிய போவக் கூடாதுலே. வெளியருந்து வந்ததுதான்னு வரும்போதே எழுதிக் குடுத்திருந்தா வேற கத. நீ என்னடான்னா பேப்பர்ல வேற படத்தப் போட்டு வச்சிருக்க."

நான் வாயில் போட்ட மக்ரூன் அப்படியே நின்றது. முப்பது வருடமாக அடுத்தவன் பெட்டிக்குத் தாள் கேட்டே பிழைத்தவன் நான். என் சட்டைப்பைக்குள் இருப்பதற்கும் தாள் வேண்டும் என்று தோன்றவே இல்லை. வேறு நாட்டுக்குப் போயிருந்தால் தோன்றியிருக்கும். சொந்த ஊருக்குத்தானே போகிறோம் என்று நினைத்தவன், இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துப் பல வருடம் ஆனதையும் மறந்துவிட்டேன்.

லாரன்ஸ் சொன்னபடி பழம்பொருள்களுக்குச் சான்று தருகிற அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். பதினைந்து காசையும் எடைபோட்டு, படமெடுத்து, என் ரசீதுகளைச் சரிபார்த்தார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து அந்தச் செய்தித்தாளை எடுத்து விரித்து வைத்தார்.

"சார், இது வெளிநாட்டுல வாங்குனதுன்னு சொல்றீங்க. ஆனா கொற்கைக்கு வந்த காசுன்னு நீங்களே பேசியிருக்கீங்களே? கொற்கையில கிடைச்சதா இருந்தா இது நம்ம நாட்டுச் சொத்து."

"அது மேடைப் பேச்சும்மா."

"அப்ப பொய்யா?"

"பொய்ன்னு இல்ல..."

"இந்த ஊர்ச் செம்புக் காசெல்லாம் அந்தப் பக்கத்துலயே புழங்குனது. இங்க வந்ததுக்கு ஆதாரம் இல்லைன்னு உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார் பொறுமையாக. "உங்க பேச்சுல சொன்னது உண்மை இல்லைன்னு கைப்பட எழுதிக் குடுத்துடுங்க. பதினாலு காசுக்கு ரசீது இருக்கு, பிரச்சினை இல்ல. இந்தத் தீர் காசுக்கு ரசீது இல்ல. ஜெர்மனியில இருந்தப்ப எடுத்த ஏதாவது பழைய படம் இருந்தாக்கூடப் போதும்."

சரியான கேள்விகள். என் அலுவலகத்தில் நான் கேட்பவை. விமான நிலையத்தில் என்னை வெளிநாட்டவர் வரிசையில் நிற்கச் சொன்ன அதே நாடு, ஒரு சிரியாப் பையன் தலை போட்ட காசை மண்ணின் மைந்தன் என்று பிடித்துக்கொண்டது. நான்தான் அதற்குப் பேச்சும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அனுமதி வரும்வரை காசுகளைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி அதிகாரி என்னிடமே திருப்பித் தந்தார்.

எழுதிக் கொடுக்க நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். 'நான் ஆற்றிய உரையில் கூறியது உண்மையல்ல' என்ற ஒரு வரி. இருநூறு பேர் கைதட்டிய வாக்கியத்தை என் கையாலேயே கொல்ல மனம் வரவில்லை. படத்துக்குத் தமிழினியைத்தான் கேட்க வேண்டும், கேட்டால் காசை எடுத்து வந்தது தெரிந்துவிடும் என்று அது ஒரு பக்கம் உறுத்தியது. கடைசியில் சுமதிக்குப் போன் போட்டேன். "அவகிட்டச் சொல்லாம எப்படியாவது அந்தச் சந்தைப் படத்தை எடுத்து அனுப்பு" என்றேன். ஒரு மணி நேரத்தில் படம் வந்தது. பத்து வயதுத் தமிழினி பல் விழுந்த வாயோடு காசைக் கண்ணருகில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எப்படி எடுத்தாய் என்று நான் கேட்கவில்லை.

5

அந்த நான்கு நாளும் நான் சோறு இறங்காமல் கிடந்ததை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே அலுவலகத்தில் மனுப் போட்டாள். மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, ஏரல் பக்கம் கோயில் கொண்ட எங்கள் குலசாமியின் படத்துக்கு முன்னால் வைத்து, தம்பி காரியம் நல்லபடி முடிந்தால் இதை உண்டியலில் சேர்க்கிறேன் என்று நேர்ந்துகொண்டாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதும், பரீட்சையின்போதும், ஜெர்மனி விசாவுக்கும் அவள் இப்படித்தான் முடிந்து வைத்தாள். அதனால் சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் முடிச்சைப் பார்த்தபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. விபூதி பூசிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் அலுவலகத்திலிருந்து போன் வந்தது. பதினைந்துக்கும் அனுமதி. "அக்கா, கெடச்சிட்டு!" என்று கத்திக்கொண்டே லாரன்சின் பைக்கில் ஏறி ஓடினேன். முத்திரை குத்திய தாளை வாங்கிக்கொண்டு மத்தியானம் திரும்பினால் வீடு பூட்டியிருந்தது. நான்கு மணி வாக்கில் அக்கா வியர்த்து வடிய வந்தாள். என் நெற்றியில் விபூதி வைத்து, வாழைப்பழம் ஒன்றை உரித்துக் கையில் கொடுத்தாள்.

"நேந்தத ஒரு நா கூட வச்சிருக்கக் கூடாதுல்லா. அதான் ஏரல் பஸ்ஸப் புடிச்சு ஓடுனேன். போட்டாச்சு. இனி ஒரு கொறையும் வராது."

பழத்தைத் தின்றுகொண்டே டப்பாவைத் திறந்து எண்ணினேன். பதினான்கு இருந்தன. திரும்ப எண்ணினேன்.

"அக்கா, எந்தக் காசைப் போட்ட?"

"எந்தக் காசுக்கு வில்லங்கமோ அந்தக் காசுலதானலே முடியணும்? நல்லதெல்லாம் விட்டுட்டேன். வெள்ளியா இருந்ததத் தொடவே இல்ல. ஓரம் நசுங்கிக் கருப்பாக் கெடந்துச்சு பாரு, ஒனக்கு நட்டமில்லாததாப் பாத்து அத எடுத்தேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். "சாமிக்குக் குடுக்கத அழுக்கோட குடுக்கக் கூடாதுன்னு புளி போட்டுத் தேச்சேன். தங்கம் மாதிரி ஆயிட்டு. நீதான் தேய்க்கக் கூடாதுன்ன."

ஆயிரத்து எண்ணூறு வருடம் கடலோர மண்ணில் கிடந்து ஏறிய பச்சை, மில்லர்புரத்துத் தொட்டியில் கால் மணி நேரத்தில் போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக் கோபப்பட்டேன். "அது தமிழினியோட காசுக்கா! அவ திருப்பிக் கேட்டிருக்கா!"

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்கென்னலே தெரியும்? ஓங்கிட்ட இருந்தா ஓன் காசுன்னுதான நெனைப்பேன்" என்றாள். 

6

மறுநாள் காலை கோயில் அலுவலகத்துக்குப் போனேன். சின்ன வயதில் ஒரு வேப்பமரமும் ஒரு பீடமுமாக இருந்த இடம். இப்போது கோபுரமும் டோக்கனும் கணினியும் வந்திருக்கின்றன. எழுத்தர் என்னை உட்காரச் சொல்லி முழுக் கதையையும் கேட்டார். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உண்டியல்ல விழுந்தது சாமிக்குள்ளதுங்க அண்ணாச்சி. தெறக்க இன்னும் ஒரு மாசம் கெடக்கு. போட்டவிய கைப்பட, தெரியாமப் போட்டுட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாவன்னா மேல அனுப்பிப் பாக்கலாம். நீங்க எழுதுனாச் செல்லாது."

வீட்டுக்கு வந்து அக்காவுக்கு முன்னால் தாளையும் பேனாவையும் வைத்தேன். அவள் படித்துப் பார்த்தாள்.

"தெரியாமப் போட்டேன்னு எழுதணுமா?"

"ஒரு வரிதான்க்கா."

"நா தெரிஞ்சுதாம்ல போட்டேன். நேந்து, துணியில முடிஞ்சு, பஸ்ஸேறிப் போயி, கையாலப் போட்டேன். தெரியாமப் போட்டேன்னு சாமி வாசல்லயே பொய் எழுதச் சொல்லுதியா?"

"யாருக்கும் நட்டம் இல்லையேக்கா."

"நீ ஓம் பேச்சு பொய்யின்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்ட. நீ எதையும் எழுதுவ. என்னால ஆவாது." தாளை மடித்து என்னிடமே தந்தாள். "தமிழுகிட்ட நா பேசிக்கிடுதேன். தப்பு நாஞ்செஞ்சது."

நீ பேசவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்து நிம்மதியானேன். அக்காவுக்கு ஜெர்மன் தெரியாது, மகளுக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் நான் ஒருவன்தான் பாலம். பாலத்தை மூடிவிட்டால் விஷயம் எப்படிக் கடக்கும்?

விமான நிலையத்தில் சுங்க அதிகாரி தாளைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். "பதினஞ்சு போட்டிருக்கு, பதினாலுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"சாமிக்குப் போட்டாச்சு."

தலையைக்கூட நிமிர்த்தாமல் முத்திரை குத்தினார். முப்பது வருடத் தொழிலில், மறு கேள்வி கேட்கப்படாத ஒரே பதிலை அன்றுதான் கேட்டேன். அதுவும் நானே சொன்னது.

7

ஹாம்பர்க் வந்தபோது தமிழினி புறப்பட மூன்று வாரம் இருந்தது. உண்மையைச் சொல்ல மூன்று வாரம் தாராளம். அந்த மூன்று வாரத்தையும் இன்னொரு தீர் காசு தேடுவதில் செலவழித்தேன். அதே பேரரசன், அதே தெய்வம், அதே மரம், அதே சங்கு. இணையம் முழுக்கத் துழாவி, வியன்னாவில் ஒருவரிடம் பிடித்தேன். முந்தையதைவிட எழுத்து தெளிவாக இருந்தது. ஓரம் மட்டும் நசுங்காமல் வட்டமாக இருந்தது. நகவெட்டியின் பின்பக்கத்தால் அதையும் கொஞ்சம் நசுக்கினேன். பழங்காசின் மேல் கை வைக்கக் கூடாது என்று அக்காவுக்குப் பாடம் எடுத்தவன்தான்.

சுமதி பார்த்துக்கொண்டே இருந்தாள். "உள்ளதைச் சொல்லிருங்க" என்றாள். சொன்னேனே, அவள் எதையும் ஒரு முறைதான் சொல்வாள்.

புறப்படும் நாள் காலையில் தமிழினி சைக்கிளைக் கழற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். தோசைக்கல் ஏற்கெனவே பைக்குள் போய்விட்டது. நான் காசை ஒரு சின்னப் பெட்டியில் வைத்து நீட்டினேன். "நீ கேட்டது. பத்து வருஷம் பத்திரமா வச்சிருந்தேன்" என்றேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அவள் திறந்து பார்த்தாள். எடுத்துப் பார்க்கவில்லை. மூடி மேசை மேல் வைத்துவிட்டுத் தன் போனை எடுத்து எதையோ அழுத்தினாள். என் அக்காவின் குரல் ஹாம்பர்க் வீட்டுக் கூடத்தில் சத்தமாகக் கேட்டது.

"ஏளா தமிழு, அத்த பேசுதேன். ஓன் காச நாந்தான் சாமிக்குப் போட்டுட்டேன். ஒனக்குள்ளதுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ஓங்கிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டிருப்பேன். புளி போட்டு வேற தேச்சுட்டேன். ஏசணும்னா ஏசு, கேட்டுக்கிடுதேன். ஆனா கோவத்த வச்சுக்கிட்டுப் பேசாம இருந்துராத, என்ன?"

அக்கா வெளியூர்க்காரருக்கு வழி சொல்வதைப் போல நிறுத்தி நிறுத்திப் பேசியிருந்தாள். நான் கோயிலுக்கு அலைந்த அன்று மாலையே அனுப்பிய குரல். அதற்குக் கீழே இன்னும் நிறைய இருந்தன, நீளநீளமாக, இருவர் பக்கத்திலிருந்தும். ஒன்றரை வருடமாக இருவரும் பேசிக்கொள்கிறார்களாம். தோசைமாவு ஏன் புளிக்கவில்லை என்று இவள் கேட்டதில் ஆரம்பித்ததாம். சுமதி படம் வாங்கியதும் இவளிடமிருந்துதான்.

"அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டாள்" என்றாள் தமிழினி ஜெர்மனில். "நீங்கள் எப்போது சொல்வீர்கள் என்று மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். காசு போனதில் எனக்கு வருத்தம் இல்லை. கோயிலுக்குப் போயிருக்கிறது, நல்ல கதை. இந்தக் காசு யாருடையது அப்பா? எனக்கு எதற்கு இது?"

நான் என்னென்னவோ சொன்னேன். ஜெர்மனில் ஆரம்பித்துத் தமிழில் முடித்தேன், எந்த மொழியிலும் வினைச்சொல் சரியாக வரவில்லை.  நான் ஓய்ந்ததும், உண்டியல் திறக்கும்போது அத்தை வரச் சொல்லியிருப்பதாகவும், கல்லூரி தொடங்குவதற்கு முன் பத்து நாள் தூத்துக்குடி போவதாகவும், டிக்கெட் எடுத்துவிட்டதாகவும் சொன்னாள். காசைக் கேட்கப் போகவில்லை. புளி போட்டுத் தேய்த்தால் அது எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம்.

எனக்கு நெஞ்சு நிறைந்து போனது. இருபது வருடமாக இந்த ஒரு நாளுக்குத்தான் ஆசைப்பட்டேன். லாரன்சிடம் சொல்லிப் படகு ஏற்பாடு செய்யலாம், கொற்கைக்குக் கூட்டிப்போகலாம், கல்லூரியைக் காட்டலாம் என்று மளமளவென்று மனதுக்குள் ஓடியது. "நானும் வாரேன்" என்றேன். "லீவு போட்டுடுறேன். ரெண்டு பேருமாப் போவோம்."

அவள் சைக்கிள் சக்கரத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். தமிழில் கேட்டாள். என் தமிழில் இல்லை, சனிக்கிழமைப் பள்ளித் தமிழிலும் இல்லை, அப்படியே என் அக்காவின் தமிழில்.

"அப்பா, நீங்க அங்கன வந்து என்ன செய்யப் போறிய?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கையில் சக்கரத்து மையோடு, பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றாள்.